கட்டுநாயக்கா–லண்டன்: போக ஆறரை மணித்தியாலம், வரப் பதினாறா?

பரந்தன் மகள்:
வணக்கம். லண்டனில் அக்காவுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. அம்மா ஜூலையில் போய் நவம்பரில் திரும்புகிறார். 67 வயது, தனியாக, முதல் தடவையாக பிளேன் ஏறுகிறார். ரிக்கெற்றில் போகும்போது கட்டுநாயக்கா 13:00, ஹீத்ரோ 19:30. வரும்போது ஹீத்ரோ 20:30, கட்டுநாயக்கா மறுநாள் 12:30. ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? வரும் வழியில் எங்கேயோ இறக்கி ஏற்றப்போகிறார்கள் என்று அம்மா நேற்றிரவு நித்திரையே கொள்ளவில்லை. சீனிக் குளிசை வேறு நேரத்துக்குப் போட வேண்டும்.

வவுனியாத் தம்பி:
அக்கா, ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அம்மா அங்கே இறங்கும் 19:30, பரந்தனில் நடுச்சாமம் 12 மணி. ஆக, போக 11 மணித்தியாலம். வரும்போது பதினாறில் நாலரையைக் கழித்தால் பதினொன்றரை. வழியில் இறக்குவதென்றால் தோஹா மாதிரி அந்த ஊரின் பெயரும் ரிக்கெற்றில் இருக்கும். அப்படி இல்லையென்றால் நேர் விமானம்தான்.

பரந்தன் மகள்:
நன்றி தம்பி, பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் திரும்பி வருவதுதான் கெதி என்று எல்லோரும் சொல்கிறார்களே? தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர் என்று போனில் பார்த்தேன். மணிக்கு 900 என்றால் பத்து மணித்தியாலம்கூட வராதே?

மாங்குளத்தான், இப்போது லண்டன்:
தங்கச்சி, தம்பி வரவுக்குப் போட்ட கணக்கில் ஒரு பிசகு. இங்கே ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். இலங்கையில் மாற்றம் இல்லை. எனவே நவம்பரில் வித்தியாசம் ஐந்தரை. பதினாறில் அதைக் கழித்தால் பத்தரை. வரவு அரை மணித்தியாலம் குறைவு.

அதற்குக் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் வலுவாக. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும்.

8,700 என்பது உலகுருண்டையில் நூல் பிடித்த தூரம். பிளேன் வான்பாதைகளின் வழியே வளைந்துதான் போகும். ஓடுபாதைக்கு உருளும் நேரம், ஏறி இறங்கும் நேரம், ஹீத்ரோவுக்கு மேலே முறை வரும்வரை வட்டமிடும் நேரம் எல்லாம் ரிக்கெற் கணக்கில் சேரும். ஏ9 வீதியில் வான் வண்டி மணிக்கு அறுபதில் ஓடினாலும் பரந்தன்–வவுனியாத் தூரத்தை அறுபதால் வகுத்து நேரம் சொல்ல ஏலாதுதானே.

முல்லைத்தீவு அக்கா:
குளிசை பற்றிச் சொல்கிறேன். என் அம்மா போனபோது கைமணிக்கூட்டை ஊர் நேரத்திலேயே விட்டோம். பிளேனில் அதைப் பார்த்துத்தான் குளிசை போட்டா. அங்கே இறங்கிய பிறகு எப்படி நேரம் மாற்றுவது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு, ஒரு துண்டில் தமிழில் எழுதி குளிசைப் பெட்டிக்குள் வைத்தோம். உங்கள் அம்மாவுக்கும் கேட்டு எழுதிக் கொடுங்கள். பெட்டி கட்டாயம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் பதினொரு மணித்தியாலம் கைக்கு எட்டாது.

பரந்தன் மகள்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைமணிக்கூட்டுக்குப் புது பற்றறி போடச் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் இறங்கேக்க உனக்கு நடுச்சாமம். போன் எடுப்பன், முழிச்சிருப்பியே?"