தாயின் குருதியில் சேயின் டிஎன்ஏ: கண்டறிதலா, புத்தாக்கமா?

வழக்காடி எழுதியது:

காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதுவது என் தொழில். நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தீர்ப்பை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய டென்னிஸ் லோவும் ஜேம்ஸ் வெயின்ஸ்கோட்டும், கருவுற்ற தாயின் பிளாஸ்மாவில் (குருதியில் அணுக்களை நீக்கினால் எஞ்சும் நீர்மத்தில்) கருவின் டிஎன்ஏ எந்த உயிரணுவுக்குள்ளும் அடைபடாமல் தனித்து மிதக்கிறது என்பதை 1997இல் காட்டினார்கள். அதுவரை கருவின் மரபணுவைச் சோதிக்க வேண்டுமானால், தாயின் வயிற்றின் வழியாக ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுப்பது போன்ற முறைகளையே நாட வேண்டியிருந்தது. அவற்றில் கரு கலையும் ஆபத்து சிறிதளவேனும் உண்டு. இவர்கள் காட்டிய வழியிலோ தாயின் கையிலிருந்து ஒரு குழாய் குருதி எடுத்தால் போதும்.

இம்முறைக்கு 2001இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சீக்வெனாம் நிறுவனம் அதைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெற்றது. போட்டி நிறுவனமான அரியோசாவுடன் நடந்த வழக்கில், அந்தக் காப்புரிமை செல்லாது என்று, காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்பளித்தது. கருவின் டிஎன்ஏ அங்கே இருப்பது இயற்கையின் செயல், அதைப் பெருக்கப் பயன்பட்ட பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பன்மடங்கு நகலெடுக்கும் முறை) முதலியவை முன்பே தெரிந்தவை, ஆகவே காப்புரிமைக்குரிய புத்தாக்கம் எதுவும் மிஞ்சவில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

உலகத்து ஆய்வகங்கள் அந்தப் பிளாஸ்மாவை என்ன செய்துகொண்டிருந்தன? கழிவாகக் கொட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் கொட்டியதில் தேடிப் பார்த்தவர் புதிதாக எதையும் செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? அத்தீர்ப்புக்கு உடன்பட்ட நீதிபதி லின்னே, உச்ச நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டு மேயோ தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்துவதால் மட்டுமே உடன்படுவதாகத் தனியே எழுதிவைத்தார். குருதியிலுள்ள மருந்தின் அளவைப் பார்த்து அடுத்த வேளையின் அளவைத் தீர்மானிப்பது, இயற்கை உறவு ஒன்றோடு வழக்கமான சில படிகளை ஒட்டவைப்பதே என்று சொன்ன தீர்ப்பு அது.

குருதித்துளி எழுதியது:

கொட்டியவர்களுள் நானும் ஒருத்தி. ஆகவே பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் மரபணு ஆய்வகம் ஒன்றில் பயிற்சி மாணவியாக இருந்தேன். குருதிக் குழாயை மையவிலக்கியில் சுழற்றி எடுத்தால், அடியில் செவ்வணுக்கள், அவற்றின் மேல் ஏடு படிந்தாற்போல் வெள்ளணுக்களின் மெல்லிய படலம், அதற்கும் மேல் வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா என்று மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். எங்களுக்கு வேண்டிய டிஎன்ஏ அந்த வெள்ளைப் படலத்தில் இருந்தது. அதைக் கலைக்காமல் எடுப்பதற்காக, மேலே நிற்கும் பிளாஸ்மாவைப் பிப்பெட்டால் உறிஞ்சிக் கழிவுக் குடுவையில் விடுவோம். கருவுற்ற பெண்களின் குழாய்களையும் அப்படித்தான் செய்தோம். லோவின் கட்டுரையைப் படித்த அன்று என் கையைப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒளிக்கத் தேவையில்லை.

ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரியென்றே சொல்வேன். பிளாஸ்மாவில் தேட வேண்டும் என்று அறிந்தது பேரறிவு. அதற்குரிய பெருமையாக லோவுக்கு 2022இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. “நான் தேடிய இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு வேறு எவரும் தேடக்கூடாது” என்னும் உரிமை அதிலிருந்து தானாகப் பிறந்துவிடாது. தொடக்கத்தில் அவர், நூடுல்ஸ் வேகவைப்பதைப் போலப் பிளாஸ்மாவைச் சில நிமிடங்கள் கொதிக்க வைத்துத்தான் டிஎன்ஏவைத் தேடினார் என்பது அவரே சொல்லிய செய்தி. செய்முறையின் எளிமையே அவர் கண்டது என்ன என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அவர் கண்டது ஓர் உண்மை.

உண்மைக்கு வேலியிட்டால் என்ன நேரும் என்பதற்கு மைரியட் நிறுவனத்தின் கதை போதும். மார்பகப் புற்றுக்குக் காரணமாகும் பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார்; 1994இல் மைரியட் குழு அதைப் பிரித்தெடுத்தது, பின்னர் காப்புரிமையும் பெற்றது. அதன்பின், அதே சோதனையைச் செய்துவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வகம் எச்சரிக்கைக் கடிதம் பெற்று நிறுத்திக்கொண்டது. கட்டணம் 3,000 டாலரைத் தாண்டியது. விலையைவிடக் கொடியது, இரண்டாவது கருத்து கேட்க வேறு ஆய்வகமே இல்லாமல் போனதுதான். வணிகச் சோதனையில் “மாற்றம் ஏதும் இல்லை” என்று முடிவு பெற்ற, புற்று மலிந்த 300 குடும்பங்களைக் கிங்கின் குழு மறுபடி ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களின் பெரும் துண்டுகள் இரட்டித்தோ விடுபட்டோ இருந்தன. வழக்கமான சோதனை அவற்றைப் பிடிக்கவில்லை. போட்டி ஆய்வகம் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெண்கள் முன்பே அறிந்திருப்பார்கள்.

திண்ணைவாசி எழுதியது:

இடையில் ஒரு சொல். தமிழில் நாம் இரண்டையுமே “கண்டுபிடிப்பு” என்றுதான் சொல்கிறோம். அமெரிக்காவையும் கொலம்பஸ் கண்டுபிடித்தார், மின்விளக்கையும் எடிசன் கண்டுபிடித்தார். இருந்ததைக் காண்பது கண்டறிதல், இல்லாததை ஆக்குவது புத்தாக்கம் என்று பிரித்து எழுதினால், யார் எதை மறுக்கிறார் என்பது என்னைப் போன்றவர்களுக்கும் விளங்கும். சட்டம் படிக்காதவனின் வேண்டுகோள்.

நுண்ணோக்கி எழுதியது:

அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டு எழுதுகிறேன். உயிரணு ஆய்வின் வரலாற்றைப் பார்த்தால், சண்டையின்றிப் பலன் தந்தவை கருவிக்கும் செய்முறைக்கும் கிடைத்த காப்புரிமைகளே.

இன்று எந்த ஊர்ச் சோதனைக் கூடத்திலும் எடுக்கும் முழுக் குருதி எண்ணிக்கையின் மூலம் வாலஸ் கூல்ட்டரின் துளை. உப்பு நீரில் மின்சாரம் பாயும் நுண்ணிய துளை வழியாக அணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவும் தன் பருமனுக்கேற்ப மின்தடையைக் கணப்பொழுது உயர்த்தும். அந்தத் துடிப்புகளை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை, உயரத்தை அளந்தால் அவற்றின் பருமன். சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் செல்லோபேன் தாளில் சூடான ஊசியால் துளையிட்டுத்தான் அவர் முதலில் சோதித்தார் என்பார்கள். “துளைக்கு எவன் காப்புரிமை தருவான்?” என்று வழக்கறிஞர்கள் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. 1949இல் விண்ணப்பித்தார், 1953இல் கிடைத்தது. அதுவரை கண் நோக நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்த பணியாளர்களுக்கு அது விடுதலை. குருதியில் செவ்வணு இருப்பதற்கு அவர் உரிமை கோரவில்லை. எண்ணும் வழிக்கு மட்டுமே கோரினார்.

பிசிஆரும் அப்படியே. 1983இல் கேரி மல்லிஸுக்குத் தோன்றிய கருத்துக்கான உரிமையை, சீட்டஸ் நிறுவனம் 1991இல் ரோஷ் நிறுவனத்துக்கு 30 கோடி டாலருக்கு விற்றது. கட்டணம் உறுத்தியது உண்மை. ஆயினும் எந்த மரபணுவையும் எவரும் பெருக்கிப் பார்ப்பதை அது தடுக்கவில்லை. வழியைக் காத்துக்கொள்ளுங்கள், உண்மையை விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி.

வழக்காடி எழுதியது:

மைரியட் பற்றிக் குருதித்துளி அம்மையார் எழுதியதை மறுக்கவில்லை. 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பிரித்தெடுத்த டிஎன்ஏ இயற்கைப் பொருளே, ஆய்வகத்தில் ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்து ஆக்கிய சிடிஎன்ஏவுக்கு மட்டும் காப்புரிமை பொருந்தும் என்றது. அதை நானும் வரவேற்றேன். ஆனால் மைரியட் கோரியது பொருளை, லோ கோரியது வழியை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2015இல் அந்நாட்டு உயர்மட்ட நீதிமன்றம் மைரியட்டின் மரபணு உரிமையைத் தள்ளிற்று. அதே நாட்டின் ஃபெடரல் நீதிமன்றம் 2019இல் லோவின் காப்புரிமை செல்லும் என்றது. இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் 2017இல் செல்லும் என்றே சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது அமெரிக்கா மட்டும் செய்த பிழை.

நுண்ணோக்கி ஐயா, தங்கள் அளவுகோல் மல்லிஸையே வீழ்த்திவிடும். வெப்பத்தால் இழைகள் பிரிவதும், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் தொடக்கித் துண்டுகள் ஒட்டுவதும், பாலிமரேஸ் நொதி இழையை நீட்டுவதும் 1983க்கு முன்பே அறிந்தவை. மரபணு வேதியியலாளர் அரகோவிந்த் கொரானாவின் குழு 1971இலேயே இக்கருத்தை எழுதிவிட்டது என்று காட்டித்தான் டூபாண்ட் நிறுவனம் சீட்டஸின் காப்புரிமையை எதிர்த்து வழக்காடியது. நடுவர் குழு 1991இல் சீட்டஸ் பக்கமே நின்றது. தெரிந்த படிகளைத் தெரியாத வகையில் கோத்தது புத்தாக்கம் என்றால், தெரிந்த படிகளை எவரும் எண்ணாத குப்பையில் செலுத்தியதும் புத்தாக்கமே.

நுண்ணோக்கி எழுதியது:

கொரானா எடுத்துக்காட்டு வலுவானதுதான். என் கோட்டைச் சற்று நகர்த்தி வரைகிறேன். கோத்ததால் விளைந்தது என்ன என்று கேட்க வேண்டும். பிசிஆர் சுழற்சியின் முடிவில், இயற்கையில் எங்கும் இல்லாத அளவில் ஒரே துண்டின் கோடிக்கணக்கான நகல்கள் குழாயில் நிற்கின்றன. லோவின் முறையின் முடிவில் கையில் நிற்பது ஒரு செய்தி. அந்த வேறுபாட்டை நீதிமன்றமும் பின்னர் கண்டுகொண்டது. கருவின் துண்டுகள் தாயின் துண்டுகளைவிடக் குறுகியவை என்பதைக் கொண்டு, குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்டவற்றை நீக்கிக் கருவின் பங்கைச் செறிவாக்கும் முறைக்கான காப்புரிமைகளை, அதே ஃபெடரல் சர்க்யூட் 2020இல் இலுமினா நிறுவனத்தின் வழக்கில் ஏற்றது. அங்கே புதியதொரு கலவை ஆக்கப்படுகிறது.

குருதித்துளி எழுதியது:

அந்த 2020 தீர்ப்பை நானும் ஏற்கிறேன். தாயின் பிளாஸ்மாவிலுள்ள தனி டிஎன்ஏவில் கருவின் பங்கு சுமார் பத்தில் ஒன்றே என்பதால், அதைச் செறிவாக்குவது எவ்வளவு பாடு என்பது பிப்பெட் பிடித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்குக் கூலி கொடுங்கள்.

வழக்காடி அவர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றிவந்தார், சென்னையை விட்டுவிட்டார். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவு, மனிதருக்கான நோயறி முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. லோ பிற்காலத்தில் பணியாற்றிய ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் சீக்வெனாமும், தாயின் மாதிரியிலிருந்து கருவின் மரபணுத்தொகுதியை ஆராயும் முறைக்கு இங்கே விண்ணப்பித்தன. காப்புரிமை அலுவலகம் அப்பிரிவைக் காட்டி மறுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில், சோதனை உடலுக்குள் நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்பது பொருட்டல்ல, அந்தச் செயல்முறை தானே நோயை வெளிப்படுத்துகிறதா என்பதே கேள்வி என்றது. இது நோயை வெளிப்படுத்துவதில்லை என்று கண்டு மறுப்பை நீக்கியது.

இங்கேதான் எனக்குப் புரையேறுகிறது. கருவுற்ற பெண்ணிடம் இவ்வகைச் சோதனைகளை விற்கும்போது, டவுன் நோய்க்குறியின் வாய்ப்பை அறியலாம் என்கிறார்கள். காப்புரிமை அலுவலகத்தின் படியேறும்போது, நோயறிதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறார்கள். ஒரே குழாய், ஒரே பிளாஸ்மா. எதை நம்புவது?

வழக்காடி எழுதியது:

அந்தப் படியேறுபவர்களில் நானும் ஒருவன் என்பதால் மழுப்பாமல் சொல்கிறேன். 3(i) பிரிவு இருக்கும்வரை, வரைவில் “நோய்” என்னும் சொல் எங்கே வருகிறது என்று தேடி நீக்குவதே எங்கள் முதல் வேலை. பெருக்குதல், வரிசைப்படுத்தல், விகிதம் கணித்தல் என்று எழுதி, அந்த விகிதம் எதைக் குறிக்கும் என்று சொல்லாமல் நிறுத்திக்கொள்வோம். அதைச் சொல்வது மருத்துவரின் வேலை என்பது எங்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கிறது. ஆய்வகத்தில் அந்த அறிக்கையில் கையெழுத்திடுபவர் ஏற்பாரா என்பதை அம்மையார்தான் சொல்ல வேண்டும்.

குருதித்துளி எழுதியது:

நான் கையெழுத்திடும் தாளில் “ஆபத்து மிகுதி”, “ஆபத்து குறைவு” என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. விகிதம் அதற்குக் கீழே சிற்றெழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் கேள்வி கேட்ட தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை.