பாளையங்கோட்டைக்கு வரும் அமெரிக்க உதவித்தொகை: எங்கள் அனுபவம்

என் கணவருக்கு 2019 ஜனவரியில் நியூ ஜெர்சியில் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு 47 வயது. பேச்சு ஆறே மாதத்தில் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் திரும்பவே இல்லை. வேலைக்கும் போய் அவரையும் தனியாளாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 2021 கடைசியில் பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

கிளம்பும்போது ஆளுக்கொன்று சொன்னார்கள். "நாட்டை விட்டுப் போனால் டிசெபிலிட்டி பணம் (உடல் முடியாமல் போனவர்களுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் தருவது) நின்றுவிடும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் நிற்காது" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது இரண்டு வேறு பணம்.

எஸ்.எஸ்.டி.ஐ. என்பது வேலை பார்த்த காலத்தில் கட்டிய வரியிலிருந்து வருவது. எஸ்.எஸ்.ஐ. என்பது வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் 65 வயதானவர்களுக்கும் தருவது. அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் முதலாவது இந்தியாவிலும் தொடர்ந்து வரும். இரண்டாவது, 30 நாள் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தாலே நின்றுவிடும்.

இது தெரியாமல் என் தோழி பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். அவள் மகனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைபாடு, எஸ்.எஸ்.ஐ. வாங்குகிறான். பாட்டிக்கு முடியவில்லை என்று ஊருக்கு வந்தவர்கள் ஏழு வாரம் இருந்துவிட்டார்கள். பணம் நின்றது. திரும்பிப் போய் 30 நாள் தொடர்ந்து அங்கே இருந்த பிறகுதான் மறுபடி தகுதி வந்தது. அதோடு, இங்கே இருந்த நாட்களுக்கு வரவான பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதமும் வந்தது. போனில் அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு வருவது எது என்று பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், தயவுசெய்து.

என் கணவருக்கு வருவது எஸ்.எஸ்.டி.ஐ. "சும்மா இருக்கிறவனுக்கு அமெரிக்காக்காரன் இனாமாக் கொடுக்கான்" என்று சொந்தக்காரர் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். எனக்கு நெஞ்சு கொதித்தது. பதினேழு வருடம் சம்பளத்தில் பிடித்தார்கள், வழக்கமாக 6.2 சதவீதம், கம்பெனியும் அதே அளவு கட்டியது. அவர் உழைத்துக் கட்டிய பணம் அது.

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. ஆறு மாதம் தாண்டினால் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். இந்தியக் குடிமக்களுக்கு, 40 கிரெடிட் (வேலை பார்த்து வரி கட்டியதற்குக் கணக்கில் சேரும் புள்ளி) சேர்ந்திருந்தாலோ அங்கே பத்து வருடம் வாழ்ந்திருந்தாலோ விலக்கு உண்டு. ஆனால் அங்கே வசிக்காத வெளிநாட்டவர் என்று ஆகிவிட்டால் 25.5 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கிரீன் கார்டே போய்விடும் ஆபத்து தனி.

மெடிகேர் என்கிற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு இங்கே எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லாது. அதில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-க்கு 2024-இல் மாதம் 174.70 டாலர். அதை நிறுத்திவிட்டோம். பின்னால் மறுபடி சேர்ந்தால், இல்லாமல் இருந்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் என்று தெரிந்தேதான் செய்தோம்.

எங்களைத் தவிக்க வைத்தது ஒரு தபால். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 7162 என்று ஒரு படிவம் வரும். நம் ஊர்ப் பென்ஷன்காரர்கள் கொடுக்கிற வாழ்நாள் சான்று மாதிரிதான். உயிரோடு இருக்கிறாரா, வேலை பார்க்கிறாரா, முகவரி அதேதானா என்று கேட்டிருப்பார்கள். சிலருக்கு வருடாவருடம், சிலருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். நாங்கள் கொடுத்த முகவரியில் பழைய கதவு எண் மட்டும் இருந்தது, புது எண் இல்லை. படிவம் கைக்கு வரவே இல்லை. ஒரு மாதம் வங்கிக் கணக்கில் வரவு இல்லை என்றதும்தான் விழித்தோம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதைப் பார்ப்பது பிலிப்பைன்ஸின் மணிலாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் ஃபெடரல் பெனிஃபிட்ஸ் யூனிட் என்கிற உதவித்தொகைப் பிரிவு. அவர்களுக்கு எழுதி, முகவரியைத் திருத்தி, படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம்.

கையெழுத்தில் வந்து நின்றது. வலது கையில் பேனா நிற்காது. இடது கையில் முயன்றார், வெறும் கிறுக்கலாக வந்தது. கையெழுத்துப் போட முடியாதவர் பெருக்கல் குறி போடலாம், ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு முகவரி எழுத வேண்டும். முக்குக் கடை அண்ணாச்சியையும் எதிர்வீட்டு டீச்சரையும் கூப்பிட்டேன். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க போடணும்னு காட்டுங்கம்மா" என்றார். என் கணவர் அந்தக் குறியின் முதல் கோட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமலே இருந்தார். எம்.ஈ. படித்தவர். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என் கணவர் இரண்டாவது கோட்டையும் போட்டார்.

நின்ற மாதத்துப் பணமும் சேர்ந்தே வந்தது. இன்னும் முடியாமல்தான் இருக்கிறாரா என்று பார்க்கிற உடல்நிலை மறுஆய்வு என்றும் ஒன்று நடுவில் வரும் என்பதால், இங்கே டாக்டரிடம் போகும்போதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கோப்பில் சேர்க்கிறேன். புது எண், பழைய எண் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி வாசல் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். தபால்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.