வெளிநாட்டிலிருந்து வரும் தேர்தல் பொய்ப் பிரசாரத்தை நாம் கண்டுபிடிக்க முடியுமா?

அம்பை வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவுக்கான வாட்ஸாப் குழுவை நான் நடத்தி வருகிறேன். கடந்த மக்களவைத் தேர்தலின்போது, பலமுறை பகிரப்பட்டதற்கான இரட்டை அம்புக்குறியோடு, வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிய காணொளி ஒன்று குழுவுக்கு வந்தது. ஒருவர் அதை அந்நிய நாட்டுச் சதி என்றார். மற்றொருவரோ, அம்பாசமுத்திரத்து வாக்கில் ரஷ்யாக்காரனுக்கு என்ன வேலை என்று சிரித்தார். வெளிநாட்டு அரசுகள் உண்மையிலேயே இப்படிச் செய்கின்றனவா? அப்படியானால், நம் கட்சிக்காரர்கள் பரப்புவதிலிருந்து அதை எவ்வாறு பிரித்தறிவது?

பாளை ஓய்வாசிரியர்:
செய்கின்றன, அண்ணாச்சி. ஆனால் இல்லாத சண்டையை அவர்கள் புதிதாக உருவாக்குவது அரிது. ஏற்கெனவே இருக்கும் சண்டையில் இரு தரப்புக்கும் கொம்பு சீவி விடுவதே அவர்கள் வழக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்த 2016ஆம் ஆண்டில், மே 21 அன்று ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன் ஒரு ஃபேஸ்புக் பக்கம் எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆள் திரட்ட, இன்னொரு பக்கம் அதே இடத்தில், அதே நேரத்தில் இஸ்லாமியர்களுக்கு ஆதரவாகக் கூட்டம் கூட்டியது. தெருவின் இருபுறமும் நின்று கத்தியவர்கள் அசல் அமெரிக்கர்கள். இரண்டு பக்கங்களையும் நடத்தியதோ ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த ஒரே நிறுவனம். இதற்கான செலவு ஏறத்தாழ 200 டாலர்தான் என்று மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு நடத்திய விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடுகிற நம் மாவட்டத்தில், வெளியிலிருந்து ஒருவன் வந்தால் அவன் எதைத் தேடுவான் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம், பலனை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த நிறுவனத்தின் பதிவுகள் 12.6 கோடிப் பேரின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் கூறியது உண்மைதான். ஆனால் கண்ணில் பட்டதாலேயே வாக்கு மாறிவிட்டது என்று ஆகாது; ட்விட்டர் பயனாளர்களைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, அத்தகைய பதிவுகளைப் பார்த்ததற்கும் கருத்து மாறியதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை.

இராதாபுரத்தான்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் ‘அந்நிய சதி’ என்ற குற்றச்சாட்டை எளிதாக எடுத்து வீசுவதன் வலி எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் மக்கள் உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்த காலத்தில், 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில், பெரும்பாலும் அமெரிக்காவில் இயங்கும் தொண்டு நிறுவனங்களே இதற்குக் காரணம் என்று கூறினார். கடலை நம்பிப் பிழைக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பணம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சே முன்னால் வந்து நின்றது.

ஆகவே, குற்றம் சாட்டுகிறவர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். ஐயா சொன்ன அந்த விவகாரத்தில் அமெரிக்காவில் 2018இல் 13 ரஷ்யர்களின் பெயரையும் 3 நிறுவனங்களின் பெயரையும் குறிப்பிட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். மாறாக ருமேனியாவில், முதலிடம் பெற்றவருக்கு ஆதரவாக வெளிநாட்டுத் தூண்டுதலில் இணையப் பிரசாரம் நடந்ததாகச் சந்தேகிக்கும் உளவுத்துறை ஆவணங்கள் வெளியான இரண்டு நாள்களில், 2024 டிசம்பர் 6 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தபோது, அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்த எதிர் வேட்பாளரே அதைக் கண்டித்தார். பொய்ப் பிரசாரத்துக்கு மருந்து என்ற பெயரில் வாக்காளரின் தீர்ப்பையே தள்ளி வைப்பது சிறிய விஷயமல்ல.

நெல்லை டவுண் மாடவீதி:
இந்தியாவிலும் ஒன்று நடந்தது. 2024 மே மாதம், இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நம் தேர்தலைக் குறித்துச் செயற்கை நுண்ணறிவால் ஆங்கிலக் கருத்துகளை எழுதிப் பரப்பத் தொடங்கியதாகவும், 24 மணி நேரத்துக்குள் அதைத் தடுத்துவிட்டதாகவும் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது. நம் கட்சிகளின் இணைய அணிகள் ஒரே நாளில் இறக்கும் சரக்கின் முன்னால் அது எம்மாத்திரம்?

அம்பை வாசகன்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் குழுவை நடத்துகிற நான் என்னதான் செய்வது?

வள்ளியூர் கணினியகம்:
கணக்கு எந்த நாட்டில் தொடங்கப்பட்டது, விளம்பரத்துக்கு எந்த நாணயத்தில் பணம் கட்டப்பட்டது என்பதெல்லாம் நிறுவனங்களுக்கும் புலனாய்வாளர்களுக்கும் மட்டுமே தெரியும். நம் கைப்பேசியில் அது தெரியாது. எனவே ‘எங்கிருந்து வந்தது’ என்பதை அவர்களிடம் விட்டுவிட்டு, ‘இது உண்மையா, யார் பொறுப்பேற்றுச் சொல்கிறார்’ என்பதை மட்டும் நீங்கள் கேளுங்கள்.

கடைசி இரண்டு நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு கட்சித் தலைவரும் பத்திரிகையாளர் ஒருவரும் தேர்தல் முறைகேட்டைப் பற்றிப் பேசுவது போன்ற போலிக் குரல்பதிவு பரவியது. பிரசாரம் ஓய்ந்திருக்க வேண்டிய நேரம் என்பதால், மறுப்பு உரிய வேகத்தில் மக்களைச் சென்றடையவில்லை. நம் நாட்டிலும் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை உண்டு. அந்த நேரம் தொடங்கியதும், நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி குழுவின் அமைப்பை மாற்றிவிடுங்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிய செய்தி என்றால், தேர்தல் ஆணையம் 2024இல் தொடங்கிய உண்மை சரிபார்ப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதன் இணைப்பையே குழுவில் இடுங்கள்.

சிலர் கோபித்துக்கொள்வார்கள். என் குழுவிலிருந்து மாமா ஒருவர் வெளியேறியே விட்டார். வாக்குப்பதிவு முடிந்த அன்று மாலை, இணைப்பைக் கேட்டு அத்தையின் எண்ணிலிருந்து செய்தி அனுப்பினார்.