இதய நோய்த் தடுப்பு: பழக்கங்களை மாற்றினால் போதுமா, வாழும் சூழலும் மாற வேண்டுமா?

கேள்வி (பதிவர்: இராப்பணி)

என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இப்போது 41 வயது. சென்ற மாதம் செய்த பரிசோதனையில் இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் வரம்பைச் சற்றுத் தாண்டியிருந்தன. உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், மனத்தை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குக் குறையாத வேலை, அதிலும் மாறி மாறி வரும் இரவு ஷிப்ட், வேலைக்காக இடம்பெயர்ந்து வந்ததால் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாத நிலை என்று என் வாழ்க்கை இருக்கிறது. பணிச்சுமையும் தனிமையும் உண்மையாகவே இதயத்தைப் பாதிக்கின்றனவா? அல்லது பழக்கங்களைச் சரிசெய்துகொண்டால் அவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (பதிவர்: பொதுநலப் பாடம்)

பாதிக்கின்றன ஐயா, அதற்குப் பல பத்தாண்டுகளின் சான்று இருக்கிறது. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, ஏறத்தாழ 18,000 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்கள் எல்லோருக்கும் நிலையான வேலையும் மாதச் சம்பளமும் இருந்தன. அப்படியிருந்தும், கடைநிலை ஊழியர்களிடையே இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உயரதிகாரிகளுடையதைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்காமலே எஞ்சியது. பெண்களையும் சேர்த்து 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தம் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தாமே முடிவுசெய்ய முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது.

உங்கள் வேலை நேரத்துக்கு நேரடியாகப் பொருந்தும் கணக்கு ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் இரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதய நோயில் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும், பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும் கூடுதல். தனிமையையும் போதிய உறவுத் துணை இல்லாமையையும் ஆராய்ந்த பல ஆய்வுகளை 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அத்தகையவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 29 சதவீதம் கூடியிருந்தது.

இது உடலுக்குள் நடக்கும் விதமும் ஓரளவு தெரிந்ததுதான். ஓயாத மன அழுத்தத்தில் அட்ரினலின், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. இரவில் இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. இரத்தக்குழாய்களின் உட்சுவரில் அழற்சி நீடிக்கிறது. இதோடு, களைத்துப்போன மனிதன் விடிகாலை மூன்று மணிக்குக் கண்விழித்திருக்க எதை நாடுவான் என்பதையும் எண்ணிப்பாருங்கள். சிகரெட்டும் கைக்கு எட்டிய நொறுக்குத்தீனியும் அந்த நேரத்தில் அவனுக்குத் துணையாகின்றன. ஆகவே பழக்கம் ஒரு பக்கம், சூழல் மறுபக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே சரியன்று என்பது என் கருத்து.

பதில் (பதிவர்: செவிலி)

மேலே சொல்லப்பட்டதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வேலை நேரம் குறையும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். முதலில் சிகரெட்டை விடுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நாளுக்கு ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. முழுவதுமாக விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. மருந்தில் இவ்வளவு விரைவாகப் பலன் தருவது அரிது.

உப்பைப் பொறுத்தவரை, நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பதே பரிந்துரை. பொட்டலங்களில் பெரும்பாலும் உப்பு என்று போடாமல் சோடியம் என்றே போட்டிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் அது 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்குமான அளவில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடுகிறது.

நடைக்கு வாரத்துக்கு 150 நிமிடம் போதும். பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் பலன் உண்டு. ஒருவரோடு சேர்ந்து நடப்பதாக ஒத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் கணவனோ மனைவியோ நண்பரோ உடன் வரும் நோயாளிகள்தாம் பயிற்சியை இடையில் விடாமல் தொடர்கிறார்கள். உங்கள் தனிமைக்கும் அது ஒரு வழியாக அமையும்.

பதில் (பதிவர்: கூட்டு முயற்சி)

செவிலி அவர்கள் சொன்னவை யாவும் பயனுள்ளவை. ஆனால் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துப் பெருக்கிக் கணக்குப் போடும் பொறுப்பை, பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகத் தெரியவில்லை. பின்லாந்தின் வட கரேலியப் பகுதியில், நடுவயது ஆண்கள் இதய நோயால் மடிவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த காலத்தில், அங்குள்ள மக்களே அரசிடம் மனுக் கொடுத்து, 1972இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். அவருடைய குழு அறிவுரையோடு நிற்கவில்லை. பெண்கள் அமைப்புகள், பள்ளிகள், உணவு உற்பத்தியாளர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, மக்களுக்குக் கிடைக்கும் உணவையே மாற்ற முயன்றது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அங்கே மனஉறுதி திடீரென்று பெருகிவிடவில்லை. நல்லதைத் தேர்ந்தெடுப்பது எளிதாக்கப்பட்டது.

உங்கள் பணியிடத்திலும் கேட்க வழியுண்டு. கேன்டீன் உணவில் உப்பைக் குறைப்பது, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே போதிய ஓய்வு, அட்டவணையை முன்கூட்டியே அறிவிப்பது ஆகியவற்றை ஒருவராக அல்லாமல் சக ஊழியர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர் (பதிவர்: இராப்பணி)

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தந்தைக்கு வந்ததால் எனக்கும் வந்தே தீரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பரம்பரைக்கு முன்னால் இவையெல்லாம் எடுபடுமா?

பதில் (பதிவர்: பொதுநலப் பாடம்)

எடுபடும். மரபணு வழியில் அதிக ஆபத்து உள்ளவர்களிடையேகூட, புகைபிடிக்காமை, உடற்பயிற்சி, நல்ல உணவு, மிகாத எடை ஆகியவற்றைக் கடைப்பிடித்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்ததை 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அதை முக்கியமான குடும்ப வரலாறாக மருத்துவர்கள் கொள்வார்கள். எனவே தந்தைக்கு மாரடைப்பு வந்தபோது இருந்த வயதை உங்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் ஒரு வகையான, பெரும்பாலும் பிறப்பிலேயே அமையும் லிப்போபுரோட்டீன் (ஏ) அளவை ஒருமுறை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதினால், அதை உங்கள் முயற்சியின் தோல்வியாகக் கருதி மறுக்க வேண்டாம். நடையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று துணையே.

அடுத்த முறை செல்வதற்கு முன் ஒரு வாரம், தூங்கி எழுந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். எந்தெந்த நாள் இரவு ஷிப்ட் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொண்டுபோனால், உங்கள் வேலை இரத்த அழுத்தத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்பது அவருக்கும் தெரியவரும்.