டாங்குக்குள் ஓர் ஊசித் துளை: பழைய டீசல் ஜீப்புக்காரர்களின் அனுபவங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து

அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், அவர் காலமான பிறகு 11 ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையிலேயே நின்றது. 1988ஆம் ஆண்டு வண்டி, 2,112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின். சென்ற தை மாதம் அதை வெளியே இழுத்தேன். கோழி முட்டையிட்ட இருக்கை, எலி கடித்த வயர், டாங்குக்குள் பசையாகிப்போன டீசல் ஆகியவற்றை விரித்து எழுதப்போவதில்லை. பழைய வண்டியை மீட்டவர்கள் எல்லோரும் பார்த்தவைதான் அவை. ஆறு மாதம் என்னை அலையவிட்ட ஒரே ஒரு குறையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

டாங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது பேட்டரி வைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. ஊருக்குள் நன்றாக ஓடியது. போடிமெட்டு ஏறும்போதுதான் தொல்லை. நான்காவது ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் இழுவை குறையும், விக்கும், நின்றுவிடும். டீசலை ஏற்றும் கைப்பம்பை அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்தால் கிளம்பும், இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் நிற்கும். ஆனால் சில நாள் 17 வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறி மேலே போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் என்னைக் குழப்பியது.

முதல் பட்டறையில் டீசல் பம்ப் போய்விட்டது என்றார்கள். கழற்றிச் சர்வீஸ் செய்து மாட்டினோம். பெரிய தொகை போயிற்று, குறை போகவில்லை. இரண்டாவது பட்டறையில் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பாவுக்குப் பழக்கமான கம்பத்து மெக்கானிக் ஒருவர் வந்தார். தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவின் ஜீப் என்பதற்காகவே பஸ் ஏறி வந்தார். பானட்டைத் திறக்கவே இல்லை. “நின்ற அன்றைக்கெல்லாம் டாங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டீசல் அளவு காட்டும் முள்கூட அப்போது வேலை செய்யவில்லை.

டாங்குக்கும் கைப்பம்புக்கும் நடுவே ஓர் அடி நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டச் சொன்னார். எஞ்சினை முறுக்கியதும் அதற்குள் குமிழிகள் ஓடின. பம்புக்கு வருவதற்கு முன்பே டீசலில் காற்று கலந்துவிடுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அடுத்து, 5 லிட்டர் கேனில் டீசல் ஊற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் இறுகக் கட்டி, டாங்கை விட்டுவிட்டுக் குழாயை அந்தக் கேனுக்குள் விட்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எங்கும் நிற்காமல் போடிமெட்டு போய்ச் சேர்ந்தேன். இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பம்பிலும் குறை இல்லை, ரிங்கிலும் குறை இல்லை. டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். நடு உயரத்தில் துரு தின்று ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. டாங்க் நிறைந்திருக்கும் வரை அந்தத் துளை டீசலுக்குள் மூழ்கியிருக்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஏற்றத்தில் டீசல் டாங்கின் ஒரு பக்கமாகச் சாய்ந்து துளையைச் சீக்கிரமே வெளியே விட்டுவிடும். எஞ்சினுக்கும் அங்கேதான் டீசல் அதிகம் தேவை. டாங்க் நிரப்பிய நாளில் மட்டும் வண்டி மலையேறியதன் காரணம் இதுதான். புதுக் குழாய் பற்றவைக்க சில நூறு ரூபாய் ஆனது.

எஞ்சினை இறக்கச் சொன்னால், தயவுசெய்து முதலில் இந்தக் கேன் சோதனையைச் செய்து பாருங்கள். குழாயும் கேனும் ஆடாமல் கட்டியிருக்க வேண்டும், சூடான எதற்கும் அருகில் வரக்கூடாது. இன்னொன்று: எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சரியாகப் பீய்ச்சுகிறதா என்று பார்க்கும்போது கையை எதிரே காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிய புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

கோத்தகிரியிலிருந்து

தம்பியின் குழாய்க் கதையைப் படித்ததும் என் கியர்பாக்ஸ் நினைவுக்கு வந்தது. என்னுடையது சி.ஜே. 3பி ஜீப். பெட்ரோல் எஞ்சினோடு பிறந்த வண்டி. பின்னாளில் யாரோ டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே இருந்தது. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. இரவில் அடியில் வெள்ளை அட்டையை விரித்து வைத்துக்கூடப் பார்த்தேன். காலையில் அட்டை அப்படியே இருந்தது.

கடைசியில், ஃபோர் வீல் கியர் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் ஆயில் ஊற்றும் போல்ட்டைத் திறந்தபோது, ஆயில் முழங்கை வரை வழிந்தது. இந்த வண்டியில் இருப்பது ஸ்பைசர் 18 பெட்டி. கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஷாஃப்ட் போகிற இடம் தேய்ந்துவிட்டால் இந்தப் பெட்டி ஆயில் அந்தப் பெட்டிக்குப் போய்விடும். நான் கியர்பாக்ஸை நிரப்ப நிரப்ப, அது பக்கத்துப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. லேத் பட்டறையில் அந்த இடத்தைச் சரிசெய்து சீல் வைத்தபிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது, அளவு மாறவில்லை. ஒன்றில் ஆயில் குறைந்தால் மற்றொன்றையும் திறந்து பாருங்கள்.

சூரியநெல்லியிலிருந்து

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பயணிகளை ஏற்றிப்போகிறேன். அந்தத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போகும் பாதை கேரளத்திலிருக்கும் எங்கள் ஊர் வழியாகத்தான். தாரைப் பார்க்காத கல் பாதை. இறக்கத்தில் லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை நம்பி இறங்குகிறவனை நான் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

என் பழைய ஜீப்பில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், ஸ்டீரிங் இரண்டு கையையும் உதறிவிடும். நிறுத்தினால்தான் அடங்கும். டயர் மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன், ஸ்டீரிங் கம்பிகளின் முனை மூட்டுகளான டை ராடு எண்ட் நான்கையும் மாற்றினேன். ஆட்டம் போகவில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது உள்ளே ‘டக்’ என்றது. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கில் இடைவெளி. ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் வரும்வரை இரண்டு நாள் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் விட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். அப்புறம் அந்த உதறல் வரவே இல்லை.

திருச்சியிலிருந்து

மாமனாரின் ஜீப்பை நானும் என் கணவரும் மீட்டு வருகிறோம். பிரேக்கை விட்டாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 10 கிலோமீட்டரில் நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மும் கொதித்தன. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தால் ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்திருந்தன. இடையில் யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் இப்படித்தான் ஊதிவிடும். கழுவிவிட்டால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீல் சிலிண்டர் கிட், ஹோஸ், மாஸ்டர் கிட் அனைத்தையும் மாற்றி, லைன் முழுவதும் கழுவினோம். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டி.

சில ஆண்டுகளுக்கு முன் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்கு 1950களின் லேண்ட் ரோவரில் போயிருக்கிறோம். நான் சென்ற வண்டிக்குள் இருந்தது மஹிந்திரா டீசல் எஞ்சின். ஓட்டுநர் கிளம்பும் முன் நான்கு சக்கரத்துக்கும் அருகே குனிந்து கை வைத்துப் பார்த்தார். இப்போது எங்கள் ஜீப்பை நிறுத்தும்போதெல்லாம் நானும் அப்படியே டிரம்மின் சூட்டைப் பார்க்கிறேன்.

மீண்டும் போடியிலிருந்து

கோத்தகிரி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை என் வண்டியின் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஆயில், ஊற்றும் துளையின் விளிம்பு வரை சரியாக நிற்கிறது. கையோடு, கிளப்பும் முன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். மூன்று சிவந்தன, ஒன்று கறுப்பாகவே இருந்தது. மார்கழிக் குளிரில் அதிக நேரம் சுழற்ற வேண்டியிருந்தது இதனால்தான். புதிது வாங்கத் தேனிக்குப் போகிறேன்.