2021 நவம்பர் 1 பள்ளி திறப்பு: மூடுபனியில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா?

பந்தலூர் டீச்சர்:
வரும் திங்கள்கிழமை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறக்கிறார்கள். எங்களுடையது நீலகிரி மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீடுகளிலிருந்து வருபவர்கள், மீதி எஸ்டேட் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்). 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியது. கல்வித் தொலைக்காட்சி இங்கே எடுபடவில்லை, டிவி இருக்கிற வீட்டில் கேபிள் இல்லை, போன் இருக்கிற வீட்டில் டவர் இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதுவரை வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை. மாஸ்க், இடைவெளி, ஜன்னலைத் திறந்து வை என்கிறார்கள். எல்லாம் சரி, ஆனால் காலை ஒன்பது மணிக்கு மூடுபனி அப்படியே உள்ளே வருகிறது. ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைக்குச் சளி பிடிக்கும், இருமினால் உடனே வீட்டுக்கு அனுப்பணும். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்?

கோத்தகிரி ஓய்வு ஹெச்.எம்.:
டீச்சர், எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டியதில்லை. எதிரெதிராக இருக்கிற இரண்டைப் பாதி திறந்தாலே காற்று ஓடும், அந்த நேர்கோட்டில் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள். வெயில் வந்ததும் வாசலில் பாய் விரித்து வாசிப்பு, பாட்டு, கணக்கு எல்லாம் அங்கேயே நடத்தலாம். சானிடைசருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், குழாயில் தண்ணீர் வந்தால் சோப்பு போதும். (எங்கள் காலத்தில் குழாய் இருக்கும், தண்ணீர்தான் இருக்காது.) யாராவது உதவி செய்ய வந்தால் மாஸ்க் கேட்காதீர்கள், ஸ்வெட்டர் கேளுங்கள்.

தாண்டிக்குடிக்காரன்:
வகுப்பில் பெஞ்சுக்கு ரெண்டு பேர் என்று அளந்து உட்கார வைப்பீர்கள். வருகிற ஜீப்பில்? எங்கள் பக்கம் ஒரே வண்டியில் பிள்ளைகளை அடைத்து, மழைக்குத் தார்ப்பாயையும் இறக்கி விடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை காப்பிப் பழ சீசன். டிசம்பர் வந்தால் கூலி கிடைக்கும், ஏழாவது எட்டாவது பையன்கள் மறுபடி காணாமல் போவார்கள். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லிவிட்டது, முதலாளிக்கும் அது வசதிதான்.

கூடலூர் நர்ஸ்:
குழந்தைகளுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை, அதனால் சுற்றி இருக்கிற பெரியவர்கள்தான் அவர்களுக்குக் காப்பு. டீச்சர், சத்துணவு அக்கா, ஜீப் டிரைவர் மூவரும் ரெண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று முதலில் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் மறைப்பார்கள், ஏனென்றால் பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் அப்பா அம்மா கூலிக்கும் போக முடியாது. அதனால் காய்ச்சல் பிள்ளையை மிரட்டாமல், வாசல் பக்கம் தனியாக உட்கார வைத்து, வீட்டாளை வரச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) அனுப்புங்கள்.

லயன் அம்மா:
என் பையன் ஆறாவது. இத்தனை நாளும் என்னோடு தோட்டத்துக்கு வந்தான், கொழுந்து மூட்டை தூக்கினால் கையில் காசு, இப்போது புத்தகத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்புகிறான். இல்லம் தேடிக் கல்வி என்று, தன்னார்வலர்கள் குடியிருப்புப் பக்கமே பாடம் நடத்துவதை இந்த வாரம் தொடங்கியிருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு என்கிறார்கள். அந்த நேரத்தில் எங்கள் லயன் பக்கம் யானை நிற்கும், யார் பிள்ளையை அனுப்புவது? டீச்சர், முதல் நாளே மதியச் சோறு உண்டா? ஊரடங்கில் அரிசி பருப்பு கொடுத்தார்கள், அது வீடு மொத்தத்துக்கும் போய்விட்டது.

பந்தலூர் டீச்சர்:
உண்டு அக்கா, அரிசி வந்திறங்கிவிட்டது. பையனை அனுப்புங்கள், முதல் இரண்டு வாரம் நான் புத்தகத்தைத் தொடப் போவதில்லை, ஆறாவதாக இருந்தாலும் எழுத்துக் கூட்டுவதிலிருந்துதான் ஆரம்பம். தீபாவளி 4ஆம் தேதி, பாதிப் பேர் அதற்கு அப்புறம்தான் வருவார்கள், அதற்குள் அந்த ரெண்டு ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணிவிடுகிறேன். ஜீப்காரரிடம் ரெண்டு நடையாக ஓட்டச் சொல்லிப் பார்க்கலாம், டீசல் காசு யார் தருவது என்பார். கூடலூர் பக்கம் யாரிடமாவது பழைய ஸ்வெட்டர் இருந்தால் சொல்லுங்கள், ஆறு வயதிலிருந்து பத்து வயது அளவு.