ஹிஸ்டோ லேப் (திசுப் பரிசோதனைக் கூடம்) கைச்சாமான் (குழு: நாஞ்சில் லேப் சொந்தங்கள்)

வடசேரி தம்பி: மெழுகுல பதிச்ச திசுவை மெல்லிசா சீவி செக்ஷன் எடுக்கிற மைக்ரோடோம் மெஷின் வந்தாச்சு. கைச்சாமானுக்கு சர்ஜிக்கல் கடை விலை கட்டுபடியாகாது. எதையெல்லாம் வெளியே வாங்கலாம்?

தக்கலை அக்கா: செக்‌ஷன் எடுக்க வளைஞ்ச கூர்நுனி போர்செப்ஸ் (இடுக்கி) ஒண்ணு வேணும். மொபைல் ரிப்பேர்காரங்க வச்சிருக்க டுவீசரே போதும். கருப்புப் பூச்சு உள்ளது எடுக்காத, உரிஞ்சு மெழுகுக்குள்ள கெடக்கும்.

மார்த்தாண்டம் அண்ணன்: கடைலயே சோதிச்சு வாங்கணும் கேட்டியா. நுனியை மெதுவா சேத்து வெளிச்சத்துக்கு நேரா பிடி, இடைவெளி தெரியப்படாது. பெறவு நல்லா அழுத்து. நுனி விலகினாலோ ஒண்ணுமேல ஒண்ணு ஏறினாலோ வேண்டாம். பேப்பர்ல கெடக்க ஒத்த முடியை வழுக்காம எடுக்கணும்.

வடசேரி தம்பி: காந்தம் ஒட்டுனா மட்டமான ஸ்டீல்தானே அண்ணே?

மார்த்தாண்டம் அண்ணன்: இல்ல. 420 ஸ்டீல் ஒட்டத்தான் செய்யும். கடினமாக்கினதாக்கும், நுனி லேசுல வளையாது. ஆனா 304 ஸ்டீல் அளவுக்குத் துருவைத் தாங்காது. இங்க உப்புக்காத்து வேற. ஹைப்போகுளோரைட்ல ஊறப்போட்டா குழிகுழியா அரிக்கும். சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்ல முக்கி, ஈரம் போனதும் லிக்விட் பாரஃபின் லேசா தடவி வை.

தக்கலை அக்கா: குட்டி பயாப்சித் துணுக்கைப் பல் வச்ச போர்செப்ஸால தொடவே தொடாத. அமுங்கின இடத்துல நியூக்ளியஸ் நீலமா இழுபட்டுப் போவும். டாக்டர் எப்படி ரிப்போர்ட் எழுதுவாங்க?

கோட்டாறு மாமா: கர்ப்பப்பை மாதிரி பெரிய ஸ்பெசிமனுக்கு நீளமான, மெல்லிசான சமையல் கத்தி போதும் மக்கா. ஒரே இழுப்பா இழு, முன்னும் பின்னுமா அறுக்காத. பீஸ் 3–4 மி.மீ. கனம். அதுக்கு மேல போனா திசு கெடாம காக்கிற ஃபார்மலின் உள்ள இறங்காது. பலகை மட்டும் பிளாஸ்டிக்ல வாங்கு. மரத்துல போன கேஸ் துணுக்கு ஒட்டிக்கிட்டு அடுத்த ஸ்லைடுல வந்து நிக்கும்.

வடசேரி தம்பி: ஸ்கால்பெல் பிடி?

கோட்டாறு மாமா: 4-ம் நம்பர் பிடி, 22 பிளேடு. குட்டி வேலைக்கு 3-ம் நம்பர், அதுல 10, 11, 15 மாட்டலாம். மாத்தி வாங்கிறாத, மாட்டாது. மெழுகு சுரண்டுறதுக்கு டென்டல் சப்ளை கடைல கார்வர் கேளு.

தக்கலை அக்கா: பிரஷ் ஸ்டேஷனரி கடைலயே எடு. 0 ஒண்ணு, 2 ஒண்ணு, மரப்பிடி, ரோமம். பிளாஸ்டிக் பிடி சைலீன் (மெழுகைக் கரைக்கிற திரவம்) பட்டா இளகும். மைக்ரோடோம் பிளேடைக் கீழேருந்து மேல, கூர்முனை நோக்கித்தான் துடைக்கணும். மேலேருந்து கீழ இழுத்தா ரோமமும் அறும், கூரும் போவும்.

வடசேரி தம்பி: மெழுகு ஊத்தி பிளாக் வார்க்கிற எல் மோல்டு பித்தளைப் பட்டறைல செய்யலாமாக்கா?

தக்கலை அக்கா: செய்யலாம். கண்ணாடிமேல வச்சுப் பாரு, அடியில வெளிச்சம் கசிஞ்சா மெழுகும் கசியும். ஊத்துறதுக்கு முன்ன கிளிசரின் தடவிக்கோ.

வடசேரி தம்பி: ஸ்லைடுல நம்பர் எழுத டைமண்ட் பென்சில் வேணுமா?

கோட்டாறு மாமா: ஃப்ராஸ்டட் (ஓரம் சொரசொரப்பான) ஸ்லைடுன்னா சாதா பென்சில் போதும். பேனா மை ஆல்கஹால்லயும் சைலீன்லயும் போயிரும்.